குப்புறப் போடுங்கள்... கூடவே இருங்கள்!

வத்திராயிருப்பைத் தாண்டிப் போனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். தென்னந்தோப்பும் மாந்தோப்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். அங்கே தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன்.

வாசல் மாமரத்தில் சேலைத் தூளி. உள்ளே ஒரு குட்டிப் பையன். அந்த வீட்டு மகளை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், இன்னும் புகுந்த வீடு திரும்பவில்லை.

காபி கொடுத்துவிட்டு அம்மாச்சி மெதுவாக ஆரம்பித்தார்.

"ஐயா, பிள்ளைக்கு நாலு மாசம் முடியப் போகுது. கழுத்து இன்னும் சரியா நிக்கலை. ஏதாச்சும் தைலம் இருந்தாச் சொல்லுங்க."

குழந்தையை வாங்கிப் பார்த்தேன். முகம் பார்த்துச் சிரிக்கிறான். சத்தம் வந்த பக்கம் திரும்புகிறான். இரண்டு கையையும் இரண்டு காலையும் ஒரே மாதிரி உதைத்து ஆட்டுகிறான். ஆனால் தூக்கி நிமிர்த்தினால் தலை கொஞ்சம் தள்ளாடுகிறது. பின்னந்தலையைத் தடவினேன். வலது பக்கம் தட்டு மாதிரி தட்டையாக இருந்தது.

"பகல் பூரா பிள்ளை எங்கே இருக்கான்?"

"எங்கே இருப்பான்? தூளியில கெடப்பான், இல்லேன்னா என் மடியில."

"கீழே குப்புறப் போடுறதுண்டா?"

"ஆத்தி! பச்சப் பிள்ளைய எப்படிக் குப்புறப் போடுறது? மூச்சு முட்டிறாதா?"

மகளும் சேர்ந்துகொண்டாள். "குப்புறப் படுத்தா ஆபத்துன்னு போன்ல ஒரு வீடியோ வந்துச்சு, டாக்டர். அதுலேர்ந்து எனக்கும் பயம்."

"சரி, முன்னெல்லாம் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவீங்களே, அது?"

"எனக்கு முட்டி வலிங்கய்யா. கீழே உக்கார முடியலை. மக பிளாஸ்டிக் டப்பு வாங்கிட்டு வந்திருக்கா. அதுலதான் குளிப்பாட்டுதோம்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை ஒரு நாள்கூடக் குப்புறப் படுத்ததில்லை! கழுத்துக்கு வேலையே வரவில்லை. வேலை செய்யாத கழுத்து எப்படி நிற்கும்?

இது பிளவக்கல்லில் மட்டும் நடப்பதில்லை. மதுரையிலும் சென்னையிலும் அடுக்குமாடி வீடுகளில் இதே கதைதான். தூளிக்குப் பதில் அங்கே பவுன்சர், கார் சீட், மெத்தை, இடுப்பு. தரை மட்டும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

கழுத்துக்கு ஏன் இந்தப் பயிற்சி?

பச்சைக் குழந்தையைப் பாருங்கள். உடம்பின் நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தலைதான். அந்தத் தலையைச் சுமக்க வேண்டிய கழுத்தோ வாழைத்தண்டு மாதிரி. வயிற்றுக்குள் இருந்த மாதங்களில் முகவாய் நெஞ்சில் பட, உடம்பைச் சுருட்டிக் கொண்டு இருந்த பிள்ளை அது. நிமிர்வதற்கான தசைகளுக்கு அங்கே அதிக வேலை இல்லை.

வெளியே வந்த பிறகு மல்லாந்தே கிடந்தால், தலையின் பாரத்தைப் படுக்கை தாங்கிக்கொள்கிறது. குப்புறப் போட்டால் நிலைமை வேறு. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். முதல் நாள் ஒரு நொடி. மறுநாள் இரண்டு நொடி. இப்படிப் பின்கழுத்து, தோள், முதுகு, இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பலம் ஏறுகிறது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றும்போது மூடியிருக்கும் விரல்கள் விரிகின்றன. பிறகு புரள்வது, உட்காருவது, தவழ்வது எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டப்படுகிறவை.

இன்னொரு லாபமும் உண்டு. குழந்தையின் மண்டை ஓடு இளசு. ஒரே பக்கமாகப் படுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். குப்புற இருக்கிற நேரம் பின்னந்தலைக்கு ஓய்வு.

அம்மாச்சியின் கால்தான் முதல் பள்ளிக்கூடம்

குப்புறப் பயிற்சி ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் பாட்டிமார் தினமும் செய்ததுதான். மணைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன் மேல் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதுகு தேய்ப்பார்களே... அந்த இரண்டு மூன்று நிமிஷமும் குழந்தை என்ன செய்தது? தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அதுதான் பயிற்சி! கூடவே பாட்டியின் இரண்டு கைகளும் இரண்டு கண்களும் குழந்தை மேலேயே இருந்தன. பயிற்சியும் காவலும் ஒரே இடத்தில்.

டப்பு வந்தது தப்பில்லை. ஆனால் டப்பு வந்தபோது அந்த மூன்று நிமிஷம் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்பதுதான் என் கட்சி.

பிளவக்கல்லிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அதிக தூரம் இல்லை. பெரியாழ்வார் வாழ்ந்த ஊர். கண்ணனைக் குழந்தையாக்கி, தானே யசோதையாக மாறி அவர் பாடியதைப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்பார்கள். அதில் செங்கீரை ஆடச் சொல்லி ஒரு பகுதியே இருக்கிறது. செங்கீரை என்றால் என்ன? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது. பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் இதை ஐந்தாம் மாதத்துக்கு உரிய பருவம் என்று வகுத்தது.

இன்றைய குழந்தை வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு மாதத்தில் குப்புறப் படுத்த குழந்தை கையை நீட்டி ஊன்றி நெஞ்சைத் தூக்கும் என்று போட்டிருக்கும். நம் ஊர்க்காரர்கள் குழந்தையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்!

வீடுகளிலும் அப்படித்தான். குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கம் கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. கொழுக்கட்டை இருக்கட்டும், குப்புற விழ இடம் கொடுத்தோமா என்பதுதான் என் கேள்வி.

மகள் பயந்ததும் நியாயம்தான்

"அப்படியானால் அந்த வீடியோ பொய்யா டாக்டர்?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. பாதி உண்மை.

மேலை நாடுகளில் ஒரு காலத்தில் குழந்தைகளைக் குப்புறப் போட்டே தூங்க வைத்தார்கள். டாக்டர்களே அப்படிச் சொன்னதுண்டு. நன்றாக இருந்த குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். தொட்டில் மரணம் என்று அதற்குப் பெயர். குப்புறத் தூங்கும் குழந்தைகளிடம் இது அதிகம் என்று ஆராய்ச்சிகளில் தெரிய வந்தது. 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்றது. 1994ல் மல்லாந்து தூங்க வைக்கும்படி நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். பத்து வருஷத்துக்குள் அங்கே அந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன.

ஆனால் பயந்துபோன பெற்றோர் விழித்திருக்கும்போதும் குழந்தையைக் குப்புறப் போடுவதை விட்டுவிட்டார்கள். பின்னந்தலை தட்டையான குழந்தைகள் அதிகமானார்கள். அதற்குப் பிறகுதான், தூங்கும்போது முதுகு, விளையாடும்போது வயிறு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. தவழ ஆரம்பிக்காத குழந்தை, விழித்திருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிஷமாவது குப்புற இருக்க வேண்டும். ஒரே மூச்சில் இல்லை, பிரித்துப் பிரித்து.

ஆக, அம்மாச்சி பயந்ததும் சரி, மகள் பயந்ததும் சரி. தூக்கத்துக்கு அது சரி. விளையாட்டுக்கு அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது, எங்கே?

நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். தொப்புள் கொடி விழும்வரை அம்மா அல்லது அப்பாவின் மார்பின் மேல் போட்டுக்கொண்டால் போதும். ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. குழந்தை ஒரு நிமிஷம்தான் தாங்குகிறது என்றால் ஒரு நிமிஷம். இரண்டு மாதத்துக்குள் மொத்தம் கால் மணியிலிருந்து அரை மணி வரை வந்துவிடலாம்.

தூங்கி எழுந்து, துணி மாற்றி, தெம்பாக இருக்கும் நேரம்தான் நல்ல நேரம். பால் குடித்தவுடன் போட்டால் கக்கிவிடும். அரை மணி நேரம் போகட்டும். தூக்கம் சொக்கும் நேரமும் வேண்டாம். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் நம் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் பயிற்சி வைக்காதீர்கள்.

இடம் தரைதான். கோரைப் பாயை விரித்து, அதன் மேல் பழைய பருத்தி வேட்டியை ஒரே மடிப்பாக, சுருக்கம் இல்லாமல் போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, கட்டில் எதுவும் ஆகாது. மெத்தையில் முகம் புதையும். கட்டிலில் புரண்டால் கீழே விழும். கழுத்துக் கயிறு, செயின், கருகமணி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தோப்பு வீடுகளில் எறும்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாய், பூனை, கோழி பக்கத்தில் வராமல் இருக்கட்டும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இதமாகத் தேய்த்துவிடுவது குழந்தைக்குச் சுகம்தான். ஆனால் உள்ளங்கையிலும் முழங்கையிலும் எண்ணெய் இருந்தால் தரையில் வழுக்கும். குழந்தை ஊன்றப் பார்க்கும், கை சறுக்கும், முகம் தரையில் இடிக்கும். நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஐந்து வழிகள்

1. மார்பின் மேல்: அம்மா சாய்ந்து உட்கார்ந்து குழந்தையைத் தன் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் குரல் கேட்டதும் தலை தூக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு வயிற்றில் உதைபடாமல் இருக்க, அப்பாவின் மார்பு நல்லது. ஒரே நிபந்தனை: யார் மார்பானாலும் அவர் முழு விழிப்பில் இருக்க வேண்டும். அசதியில் கண் சொக்கினால் உடனே இறக்கிவிடுங்கள்.

2. மடியில் குறுக்காக: தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி தொடைகளின் மேல் குறுக்கே போட்டு, முதுகைத் தடவிக் கொடுங்கள்.

3. முன்கையின் மேல்: மரக்கிளையில் சிறுத்தை காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் பாருங்கள், அந்த மாதிரி. ஒரு முன்கையில் குழந்தையின் நெஞ்சும் வயிறும், மறு கை கால்களுக்கு நடுவே தாங்கலாக. வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம். தாத்தாக்களுக்கு இது பிடிக்கும்!

4. நீட்டிய காலின் மேல்: உட்கார முடிகிற பாட்டிமார் பழைய வழக்கத்தை விட வேண்டாம். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்து நீவுவது, வாய்க்குள் ஊதுவது, தலையை அமுக்கி உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது ஆகிய ஐந்தையும் விட்டுவிடுங்கள். முகத்தில் தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

5. தரையில்: இதுதான் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். ஆரம்பத்தில் ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில், அக்குளுக்கு நேராக வையுங்கள். கைகள் துண்டுக்கு முன்னால் வரட்டும். முகவாய் துண்டில் அழுந்தக் கூடாது. நன்றாகத் தூக்கப் பழகியதும் துண்டை எடுத்துவிடுங்கள்.

தரையில் போட்டால் நீங்களும் தரைக்கு இறங்க வேண்டும். எதிரே படுத்து, குழந்தையின் கண்ணுக்கு நேராக உங்கள் முகம். பேசுங்கள், பாடுங்கள். கிலுகிலுப்பையை மெதுவாக இடமிருந்து வலம் கொண்டு போங்கள். பளபளக்கும் எவர்சில்வர் தட்டை எதிரே நிறுத்தினால் தன் முகத்தைத் தானே பார்த்து ரசிக்கும். செல்போன் வேண்டாம். ஒரு வயது வரை எந்தத் திரையும் வேண்டாம் என்பதும் அதே 2019 வழிகாட்டுதலில் இருக்கிறது.

அழுதால்? உடனே தூக்காதீர்கள், உடனே பயப்படாதீர்கள். சிணுங்கினால் ஒரு பாட்டு, ஒரு தட்டிக் கொடுத்தல். விடாமல் அழுதாலோ, முகத்தைத் தரையில் வைத்துவிட்டாலோ களைத்துவிட்டது என்று அர்த்தம். தூக்கிக்கொள்ளுங்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். இது பரீட்சை அல்ல.

பால் பொங்கினாலும்...

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குப்புறக் கிடக்கும் குழந்தையை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது. சின்னக் குழந்தைக்கு முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாது. அடுப்பில் பால் பொங்குகிறதா, பொங்கட்டும். வாசலில் மணி அடிக்கிறதா, அடிக்கட்டும். போகத்தான் வேண்டும் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். "அண்ணன் பார்த்துக்குவான்" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள்.

குப்புறக் கிடந்தபடியே தூங்கிவிட்டதா? உடனே மல்லாத்திப் போடுங்கள். தூங்குவதற்கு உறுதியான, தட்டையான படுக்கை, தலையணை இல்லாமல். தினம் ஒரு பக்கமாகத் தலைமாட்டை மாற்றி வைத்தால், வெளிச்சத்தைத் தேடிக் குழந்தை இரண்டு பக்கமும் திரும்பும். தலை ஒரு பக்கமே தட்டையாவதும் குறையும்.

எந்த மாதத்தில் என்ன?

முதல் மாதம்: முகத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும்.

இரண்டாம் மாதம்: தலையைச் சற்று நேரம் தூக்கும்.

மூன்று, நான்கு மாதம்: முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும். நான்கு மாதம் முடியும்போது, தூக்கி வைத்தால் தலை தள்ளாடாமல் நிற்க வேண்டும்.

ஐந்து, ஆறு மாதம்: கையை நீட்டி ஊன்றும், அதாவது செங்கீரை! குப்புற இருந்து மல்லாந்து புரளும்.

அதற்குப் பிறகு வயிற்றாலேயே வட்டமடிக்கும், நகரும், தவழும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்ந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது ஐந்து மாதத்திலும் ஆரம்பிக்கலாம், பதின்மூன்று மாதத்திலும் ஆரம்பிக்கலாம். நூற்றில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

தைலம் கேட்டு வருகிறவர்களுக்கு...

சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். கழுத்தை நிற்க வைக்கும் தைலம் என்று ஒன்று கிடையாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது.

இருபது வருஷம் இருக்கும். ஏழு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். கழுத்து நிற்கவில்லை. "சில பிள்ளைகளுக்குத் தாமதம் ஆகும் தாயி" என்று ஆறுதல் சொல்லி, உடம்புக்குத் தேய்க்கத் தைலம் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதமும் அதையே தொடரச் சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் குழந்தையைக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். ஒரு கையை ஊன்றியது. மறு கை விரல் மூடியபடி உடம்போடு ஒட்டியே கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே குழந்தை நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். மூளை வாதம் என்று சொல்லி அன்றைக்கே பயிற்சி ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் பின்னால் நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஆனால் இளம் மூளை வேகமாகப் பழகும் காலத்தில் இரண்டு மாதத்தை நான் வீணாக்கினேன். அவளுடைய அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதனால், கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்:

• மூன்று மாதம் முடிந்தும், குப்புறப் போட்டால் தலையைத் தூக்க முயற்சியே இல்லை.

• நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை.

• உடம்பு துணி மாதிரி துவள்கிறது, அல்லது கட்டை மாதிரி விறைக்கிறது.

• எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறது, அல்லது ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது.

• முகம் பார்ப்பதில்லை, சத்தத்துக்குத் திரும்புவதில்லை.

• முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை.

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் தடுப்பூசிக்குப் போகிறீர்களே, அப்போதே செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் அரசாங்கத்தின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் செய்யலாமா?
செய்யலாம். ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் என்று உங்கள் குழந்தை மருத்துவர் சொல்ல வேண்டும். மாதக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து பார்க்காமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து பாருங்கள்.

வயிற்றில் வாயு இருக்கிறது. குப்புறப் போட்டுத் தூங்க வைத்தால் நிம்மதியாகத் தூங்குகிறதே?
விழித்திருக்கும்போது மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவுங்கள். தூக்கத்துக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம்.

தூக்கத்தில் தானே புரண்டு குப்புறப் படுத்தால்?
படுக்க வைக்கும்போது எப்போதும் மல்லாத்தியே போடுங்கள். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை என்றால் அப்படியே விடலாம். பக்கத்தில் தலையணை, கனத்த போர்வை, பொம்மை இருக்கக் கூடாது. புரள ஆரம்பித்த பிள்ளைக்குத் தூளியும் இனி வேண்டாம். விழுந்துவிடும்.

வாக்கரில் விட்டால் சீக்கிரம் பலம் வருமா?
வராது. தரையில் கிடைக்கும் பழக்கம் அதில் கிடைக்காது. படியிலும் அடுப்பிலும் போய் மோதும் ஆபத்துதான் மிச்சம். கனடாவில் 2004லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

பிளவக்கல் பேரன் என்ன ஆனான்?

அன்றைக்கு நான் தைலம் கொடுக்கவில்லை. வத்திராயிருப்பு போய் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றேன். காட்டினார்கள். நரம்பில் குறை எதுவும் இல்லை என்று சொன்னார். பிறகு பாய், வேட்டி, சுருட்டிய துண்டு. பகல் தூக்கத்துக்கு மட்டும் தூளி, விழித்தால் தரை. கீழே உட்கார முடியாத அம்மாச்சிக்கு ஒரு வேலை கொடுத்தேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே கண் எடுக்காமல் பார்த்துக்கொள்வது. மகள் தரையில், தாத்தா கிலுகிலுப்பையுடன்.

முதல் மூன்று நாள் வீடே அதிரும்படி அழுதானாம். நாலாம் நாள் மாமரத்து அணிலைப் பார்க்கத் தலையைத் தூக்கினான் என்று போன் வந்தது. ஐந்து வாரம் கழித்து, புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் முன் பையனைத் தூக்கிக்கொண்டு என் மருந்தகத்துக்கு வந்தார்கள். கழுத்து நிமிர்ந்து நின்றது. பெஞ்சில் துணி விரித்துக் குப்புறப் போட்டு, இரண்டு பக்கமும் கை கொடுத்துக் காத்திருந்தோம். இரண்டு கையையும் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தான்.

"பின்மண்டை மட்டும் இன்னும் லேசா தட்டையா இருக்கேய்யா" என்றார் அம்மாச்சி.

"கொஞ்சம் கொஞ்சமா உருண்டு வரும்மா. விட்டுறாதீங்க."

"நாங்க எங்க விடுறது? இவன்தான் இப்ப தூளியில போட்டா இருக்க மாட்டேங்கான்!"

உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி மனிதர் இருக்கிறாரா? இன்றைக்கே ஒரு பாயை விரியுங்கள். மூன்று நிமிஷம் போதும். எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருங்கள்.